நிலக்கீழ் ரயில் நிற்கும் வாரத்தில் சைக்கிளில் வேலைக்குப் போக: கிழக்கு லண்டனில் புதிதாகத் தொடங்குவோருக்கு

2025 செப்டம்பர் 8ஆம் திகதி திங்கட்கிழமை காலை ஈஸ்ட்ஹாம் நிலையத்தின் கதவு இழுத்துப் பூட்டப்பட்டிருந்தது. ஊழியர்களின் வேலைநிறுத்தத்தால் அந்த வாரம் வியாழன் வரை லண்டனின் நிலக்கீழ் ரயில்கள் ஏறக்குறைய ஓடவேயில்லை. செவ்வாயும் வியாழனும் கிழக்கு லண்டனில் ஓடும் டி.எல்.ஆர். இலகு ரயில்களும் நின்றன. வேலையிடம் ரவர் ஹில்லுக்கு அருகில் என்பதால், அன்று மாலையே ஒரு கடைக்கு ஓடிப்போய்ச் சைக்கிள் வாங்கினேன். உயரத்துக்குப் பொருந்தாத பிரேம், மெல்லிய கம்பிப் பூட்டு, குறித்து வைக்காத பிரேம் எண் என்று மூன்று தவறுகளை அந்த ஒரு மாலையிலேயே செய்துவிட்டேன். மூன்றாவது வாரம் சைக்கிள் களவு போனபோது, பொலிஸ் முறைப்பாட்டில் எழுதுவதற்கு நிறத்தைத் தவிர வேறு விவரம் எதுவும் என்னிடம் இருக்கவில்லை.

இப்போது என்னிடம் இருப்பது இரண்டாவது சைக்கிள். அடுத்த வேலைநிறுத்தத்துக்கு முன் நீங்கள் தொடங்குவதாக இருந்தால், நான் கொடுத்த விலையை நீங்களும் கொடுக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். ஈஸ்ட்ஹாம், மனர் பார்க், பார்க்கிங் (Barking) பக்கமிருந்து நகர மையத்துக்குப் போகிறவர்களை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன். பாதையைப் பற்றிய பகுதியைத் தவிர மற்றவை லண்டனின் எந்தப் பகுதிக்கும் பொருந்தும்.

1. அறிவிப்பு வந்த நாளிலேயே தொடங்குங்கள்

இங்கே வேலைநிறுத்தம் திடீரென்று வருவதில்லை. தொழிற்சங்கம் குறைந்தது 10 நாட்களுக்கு முன் நிர்வாகத்துக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். அந்த நாட்கள்தான் உங்களுக்குக் கிடைக்கும் தவணை. வேலைநிறுத்தம் தொடங்கிய பிறகு கடைகளில் நல்ல அளவுகள் தீர்ந்துவிடும், திருத்துபவர்களிடம் நேரம் கிடைக்காது, வாடகைச் சைக்கிள் காலை ஏழு மணிக்கே கண்ணில் படாது.

பேச்சுவார்த்தை நடந்து கடைசி நேரத்தில் வேலைநிறுத்தம் கைவிடப்படுவதும் உண்டு என்பதால், பலர் கடைசிவரை பொறுத்திருந்து பார்க்கிறார்கள். அப்படிப் பொறுத்திருப்பதுதான் முதல் பொறி. வேலைநிறுத்தம் நடக்காமல் போனால் உங்களிடம் ஒரு சைக்கிள் மிஞ்சும், அவ்வளவே.

நாட்களை நான் இப்போது இப்படிப் பிரிப்பேன்: முதல் மூன்று நாட்களில் சைக்கிளும் பூட்டும் வாங்குவது, அடுத்த இரண்டு நாட்களில் பதிவும் திருத்த வேலையும், இடையில் வரும் ஞாயிறு காலையில் வேலையிடம் வரை ஒருமுறை சைக்கிளில் ஓடிப் பார்ப்பது. அந்த ஞாயிறு ஓட்டத்தை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள்.

2. வாடகையா, சொந்தமா, வேலையிடத் திட்டமா

வாடகைச் சைக்கிளை நம்பி இருப்பவர்கள் முதலில் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். சன்டாண்டர் சைக்கிள்களின் நிலையங்கள் மையப் பகுதியிலும் அதை ஒட்டியும்தான் உள்ளன. ஈஸ்ட்ஹாம் பக்கம் கிடையாது. ஸ்ட்ராட்போர்ட் வரை பஸ்ஸில் போய் அங்கிருந்து எடுக்கலாம் என்றால், அதே எண்ணத்துடன் இன்னும் நூறு பேர் அங்கே நிற்பார்கள். இறங்கும் இடத்திலும் சிக்கல் இருக்கிறது: அலுவலகப் பகுதியில் காலை ஒன்பது மணிக்கு நிலையங்கள் நிரம்பிவிட்டால், சைக்கிளைத் திருப்பி வைக்க அடுத்த நிலையம் தேடி அலைய வேண்டும், அதற்குள் கட்டணத்தில் அடங்கிய 30 நிமிடமும் கடந்துவிடும். தெருவில் நிற்கும் மின்சைக்கிள்களோ திறப்பதற்கு ஒரு தொகையும் அதன்பின் நிமிடத்துக்கு ஒரு தொகையுமாக அறவிடுவன. 12 கிலோமீற்றர் தூரத்துக்கு, போக வர, நான்கு நாட்கள் என்று கணக்குப் பார்த்தால் அது பழைய சைக்கிள் ஒன்றின் விலையை நெருங்கத் தொடங்கும்.

வேலையிடத்தின் ஊடாக வாங்கும் 'சைக்கிள் ரு வேர்க்' திட்டம் உண்மையிலேயே இலாபமானது; ஆனால் அவசரத்துக்கு உதவாது. விண்ணப்பம், வேலை வழங்குநரின் ஒப்புதல், கையொப்பமிட்ட வாடகை ஒப்பந்தம், பற்றுச்சீட்டு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நடந்து முடிய எனக்கு மூன்று வாரம் பிடித்தது. வரி பிடிக்கப்படுவதற்கு முன்பே சம்பளத்திலிருந்து மாதத் தொகை கழிக்கப்படுவதால், 20 வீத வரியும் 8 வீதத் தேசியக் காப்புறுதியும் கட்டுகிற ஒருவர் 100 பவுணுக்கு 28 பவுண் மிச்சப்படுத்துகிறார். 600 பவுண் சைக்கிள் என்றால் கையிலிருந்து போவது 432 பவுண், அதாவது 12 மாதங்களுக்கு மாதம் 36 பவுண்.

இதில் நம்மவர் பலர் அறியாத நான்கு விடயங்கள் இருக்கின்றன. முதலாவது, கழிவுக்குப் பிறகு உங்கள் சம்பளம் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகக் கூடாது. 2025 ஏப்ரலில் 21 வயதினருக்கும் அதற்கு மேற்பட்டோருக்கும் அது மணிக்கு 12.21 பவுணாக இருந்தது; ஆண்டுதோறும் ஏப்ரலில் மாறும். குறைந்தபட்ச ஊதியத்திலேயே கடைகளிலும் களஞ்சியங்களிலும் வேலை செய்கிறவர்களுக்கு இந்தக் கதவு மூடப்பட்டிருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை, ஆனால் விதி அதுதான். இரண்டாவது, சொந்தத் தொழில் செய்பவர்கள் இதில் சேர முடியாது. மூன்றாவது, 12 மாதம் முடிந்தவுடன் சைக்கிள் தானாக உங்களுடையதாகிவிடாது. பெரும்பாலான வழங்குநர்கள் 500 பவுணுக்கு உட்பட்ட சைக்கிளுக்கு விலையில் 3 வீதமும் அதற்கு மேற்பட்டதற்கு 7 வீதமும் பெற்றுக்கொண்டு மேலும் மூன்று ஆண்டுகள் பாவிக்க விடுகிறார்கள். மேலே சொன்ன 600 பவுண் சைக்கிளுக்கு அது 42 பவுண். நான்காவது, இடையில் வேலையை விட்டால் மீதித் தொகை கடைசிச் சம்பளத்தில், வரி பிடித்த பிறகு உள்ள பணத்திலிருந்து கழிக்கப்படும். ஒப்பந்தத்தில் இந்தப் பந்தியைத் தேடி வாசித்த பிறகே கையொப்பமிடுங்கள்.

ஆகவே, வேலைநிறுத்தத்துக்கு இன்னும் பத்து நாட்களே இருக்கிறதென்றால் பழைய சைக்கிள் ஒன்று வாங்குவதே சரி.

3. பழைய சைக்கிள் வாங்கும்போது

என் இரண்டாவது முயற்சியின் செலவைச் சொல்லிவிடுகிறேன். பழைய சைக்கிள் 130 பவுண், பூட்டு 45, முன் பின் விளக்குகள் 22, தலைக்கவசம் 28, மட்காட் 18, காற்றடிக்கும் பம், மேலதிக ரியூப், ரயர் கழற்றும் நெம்புகள் சேர்த்து 20, திருத்தகத்தில் ஒருமுறை முழுச் சரிபார்ப்பு 45. மொத்தம் 308 பவுண். ஈஸ்ட்ஹாமிலிருந்து முதலாம் வலயம் வரையான இரண்டு மாதப் பயண அட்டையைவிட இது குறைவு.

விற்பவரிடம் போனவுடன் நிறத்தையோ கியர் எண்ணிக்கையையோ பார்க்காதீர்கள். சைக்கிளைத் தலைகீழாகப் புரட்டுங்கள். பெடல் பொருத்தியிருக்கும் அச்சுக்குக் கீழே, பிரேமின் அடிவயிற்றில், எழுத்தும் இலக்கமுமாக ஒரு தொடர் குத்தியிருக்கும். சேறு படிந்திருந்தால் துணியால் துடைத்துவிட்டுப் படம் எடுங்கள். அந்த எண்ணை 'பைக்ரெஜிஸ்டர்' தளத்தில் இலவசமாகவே தேடலாம். களவு போனதாகப் பதிந்திருந்தால் காட்டிவிடும். எண் சுரண்டப்பட்டிருந்தாலோ அதன்மேல் புதிதாக வர்ணம் பூசியிருந்தாலோ, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். களவுச் சைக்கிள் என்று தெரியவந்தால் அது உரியவருக்குத்தான் போகும். உங்கள் பணத்தைத் திருப்பித் தர ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

அளவைப் பார்க்க எளிய வழி: சைக்கிளின் நடுக்கம்பிக்கு இருபுறமும் கால்வைத்து நின்றால் பாதம் முழுவதும் நிலத்தில் படிய வேண்டும். சீற்றில் அமர்ந்து, குதிக்காலைக் கீழே இருக்கும் பெடலில் வைத்தால் முழங்கால் நேராக நீள வேண்டும். ஓட்டும்போது முன்பாதம் பெடலில் இருப்பதால் முழங்கால் சற்று மடிந்திருக்கும், அதுவே சரியான உயரம். நான் முதலில் வாங்கியது இரண்டு அங்குலம் சிறியது. ஐந்தாவது கிலோமீற்றரிலேயே முழங்கால் வலித்தது.

பணம் கொடுக்கும்போது கையால் எழுதியதாக இருந்தாலும் ஒரு பற்றுச்சீட்டு வாங்குங்கள்: திகதி, விலை, சைக்கிளின் வகை, பிரேம் எண், விற்பவரின் பெயர், கையொப்பம். அதையும் பிரேம் எண்ணின் படத்தையும், சைக்கிளுக்குப் பக்கத்தில் நீங்கள் நிற்கும் படம் ஒன்றையும் கைப்பேசியில் ஒரே இடத்தில் சேமியுங்கள். அன்றிரவே பைக்ரெஜிஸ்டரில் உங்கள் பெயரில் பதியுங்கள். இதற்கு ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை முதன்முறை நான் ஒதுக்கவில்லை.

மின்சைக்கிள் வாங்குகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மோட்டார் 250 வாட்டுக்கு மேற்படாமலும், மணிக்கு 15.5 மைலுக்கு மேல் உதவாமலும், பெடல் மிதித்தால் மட்டுமே இயங்குவதாகவும் இருந்தால்தான் சட்டத்தில் அது சைக்கிள். அதற்கு மேற்பட்டது மோட்டார் வாகனம். பதிவும் காப்புறுதியும் அனுமதிப்பத்திரமும் கேட்பார்கள், இல்லையென்றால் பறிமுதல் செய்வார்கள். சாதாரண சைக்கிளில் மோட்டாரும் பற்றரியும் பூட்டி மலிவாக விற்கிறவர்களிடம் வாங்கவே வேண்டாம். அந்தப் பற்றரிகள் வீட்டுக்குள் தீப்பிடித்து எரிந்த சம்பவங்கள் குறித்து லண்டன் தீயணைப்புப் படை தொடர்ந்து எச்சரித்து வருகிறது. பிள்ளைகள் தூங்கும் வீட்டின் வாசலில் அதைச் சார்ஜ் ஏற்ற விடாதீர்கள்.

4. பூட்டும், நிறுத்தும் இடமும்

சைக்கிளின் விலையில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கையாவது பூட்டுக்கு ஒதுக்குங்கள். கம்பிப் பூட்டை வெட்டும் சிறு கருவி கோட்டுப் பைக்குள் அடங்கும். பூட்டுகளைச் சோதித்துத் தரமிடும் 'சோல்ட் செக்கியூர்' அமைப்பின் தங்கத் தரமோ வைரத் தரமோ பெற்ற, ஆங்கில 'டி' எழுத்து வடிவிலான பூட்டு வேண்டும். பிரேமையும் பின்சில்லையும் சேர்த்து, நிலத்தில் ஊன்றிய இரும்பு வளையத்தோடு பூட்டுங்கள். முன்சில்லு கையால் திருகிக் கழற்றும் வகையாக இருந்தால் அதற்கு இரண்டாவது பூட்டு தேவை. பூட்டுக்கும் பிரேமுக்கும் நடுவே இடைவெளி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது, ஏனெனில் அந்த இடைவெளிக்குள்தான் கடப்பாரையை நுழைப்பார்கள்.

வீட்டில் நிறுத்துவது பற்றி வாங்குவதற்கு முன்பே வாடகை ஒப்பந்தத்தைப் பாருங்கள். பொது நடைகூடத்தில் சைக்கிள் வைப்பதைப் பல கட்டடங்கள் தடைசெய்துள்ளன. தீப்பிடித்தால் வெளியேறும் வழி அது. கவுன்சில்கள் தெருவோரம் வைக்கும் மூடிய சைக்கிள் கூடுகளில் ஆண்டுக் கட்டணத்துக்கு இடம் கிடைக்கும், ஆனால் காத்திருப்போர் பட்டியல் நீளம். பெயரை இன்றே கொடுத்து வையுங்கள். அலுவலகத்தில் பாதுகாப்பான நிறுத்துமிடம், குளியலறை, உடை மாற்றும் இடம் உண்டா என்பதை மின்னஞ்சலில் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுப் பொருட்களுக்கான காப்புறுதி இருந்தால், வீட்டுக்கு வெளியே களவு போகும் சைக்கிளுக்கு அது பொருந்துமா, ஒரு பொருளுக்கான உச்சத் தொகை என்ன, எந்தத் தரப் பூட்டுக் கேட்கிறார்கள் என்ற மூன்றையும் பாருங்கள். பூட்டின் பற்றுச்சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். இழப்பீடு கோரும்போது அதைக் கேட்பார்கள்.

5. சட்டம் கேட்பவை

சைக்கிளுக்கு அனுமதிப்பத்திரமோ சாலை வரியோ இல்லை. தலைக்கவசமும் சட்டத்தில் கட்டாயமில்லை. ஆனாலும் போடுங்கள் என்றே சொல்வேன். சூரியன் மறைந்த பின் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, பின்புறச் சிவப்புப் பிரதிபலிப்பான், பெடல்களில் மஞ்சள் பிரதிபலிப்பான்கள் இருக்க வேண்டும். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே பொழுது இறங்கிவிடும் என்பதால், செப்டம்பரில் தொடங்குகிறவரும் விளக்கை முதல் நாளே வாங்க வேண்டியவர்தான்.

சிவப்பு விளக்கைத் தாண்டினாலும் நடைபாதையில் ஓட்டினாலும் 50 பவுண் தண்டம். நடைபாதையில் ஆளும் சைக்கிளும் சேர்ந்து வரைந்த நீலப் பலகை இருந்தால் மட்டும் ஓட்டலாம். அங்கும் நடப்பவருக்கே முன்னுரிமை.

வீதியில் ஓரத்தோடு ஒட்டி ஓடுவதுதான் பாதுகாப்பு என்று நானும் நினைத்திருந்தேன். அது பிழை. 2022 ஜனவரியில் திருத்தப்பட்ட நெடுஞ்சாலை விதிக்கோவை, அமைதியான தெருக்களிலும் மெதுவாக நகரும் நெரிசலிலும் சந்திகளை நெருங்கும்போதும் நீங்கள் போகும் தடத்தின் (lane) நடுவில் ஓட்டச் சொல்கிறது. மற்ற இடங்களில் ஓரத்திலிருந்து குறைந்தது அரை மீற்றர் தள்ளி ஓட்ட வேண்டும். நிறுத்தியிருக்கும் கார்களிலிருந்து ஒரு கதவின் அகலம், அதாவது ஒரு மீற்றர், விலகுங்கள். சந்தியில் நிற்கும் லொறியின் இடப்பக்கமாக ஒருபோதும் முன்னேறாதீர்கள். அது இடப்பக்கம் திரும்பினால் சாரதிக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். பின்னால் நின்று அதைப் போக விடுங்கள்.

பல வருடம் ஓட்டாதவர்கள், லண்டனில் வசிப்பவர்களுக்கும் வேலை செய்பவர்களுக்கும் கவுன்சில்களின் ஊடாக வழங்கப்படும் இலவசப் பயிற்சிக்குப் பதிந்துகொள்ளுங்கள். பயிற்றுநர் உங்களோடு உங்கள் பாதையிலேயே ஓட்டிக் காட்டுவார். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம், ரியூசன், கோயில் என்று எல்லாவற்றுக்கும் சைக்கிளில் போய் வளர்ந்த எனக்குப் பயிற்சி எதற்கு என்றுதான் நினைத்தேன். ஆனால் பின்னால் வரும் வாகனத்தைத் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்து, கையைக் காட்டி, பிறகு பாதை மாறும் பழக்கத்தை அந்த இரண்டு மணி நேரத்தில்தான் கற்றேன்.

6. ஈஸ்ட்ஹாமிலிருந்து நகருக்கு இரண்டு வழிகள்

முதல் வழி சைக்கிள்வே 3. ஹை ஸ்ட்ரீட் சவுத் வழியாகத் தெற்கே இறங்கி ஏ13 நெடுஞ்சாலையை அடைந்தால், அதன் ஓரமாகச் செல்லும் சைக்கிள் பாதை கனிங் ரவுன் வரை கொண்டுபோகும். அங்கிருந்து பொப்லர், லைம்ஹவுஸ் கடந்து கேபிள் ஸ்ட்ரீட்டின் நீளத்துக்கும் கார்களிலிருந்து பிரித்த இருவழிச் சைக்கிள் பாதை. முடிவில் ரவர் ஹில். மேலும் மேற்கே போகிறவர்களுக்கு அங்கிருந்து தேம்ஸ் கரையோரமாக நாடாளுமன்றம் வரை பிரிக்கப்பட்ட பாதை தொடர்கிறது. ஏ13 பகுதியில் புகையும் இரைச்சலும் அதிகம், பஸ் தரிப்பிடங்களுக்கு அருகில் உடைந்த கண்ணாடி கிடக்கும். கேபிள் ஸ்ட்ரீட் ஒடுக்கம், பக்கத் தெருக்களின் வாய்களில் வேகத்தைக் குறையுங்கள்.

இரண்டாவது வழி கிரீன்வே. பெரிய கழிவுநீர்க் குழாய்களின் மேல் உயர்ந்த மேடாகப் போகும் இந்தப் பாதை பெக்ரனிலிருந்து நியூஹாம் மருத்துவமனை, பிளாஸ்ரோ, வெஸ்ட்ஹாம் வழியாக ஸ்ட்ராட்போர்ட் ஹை ஸ்ட்ரீட்டை அடைகிறது. கார் கிடையாது, புதிதாகத் தொடங்குகிறவருக்கு நெஞ்சு படபடக்காத வழி. அங்கிருந்து சைக்கிள்வே 2 போ, மைல் எண்ட், வைட்சப்பல் வழியாக ஓல்ட்கேட் சேரும். சுற்றுச் சற்று அதிகம். காலையில் நான் இதைத்தான் எடுக்கிறேன். இருட்டிய பிறகு கிரீன்வேயில் ஆள் நடமாட்டம் குறைவு என்பதால் மாலையில் சைக்கிள்வே 3.

ஏறத்தாழ 12 கிலோமீற்றர் தூரம் முதல் வாரம் எனக்கு 65 நிமிடம் எடுத்தது, ஒரு மாதத்தில் 45 ஆனது. முதல் நாளுக்கு 80 நிமிடம் ஒதுக்குங்கள். ரூற்றிங்கிலிருந்து போகிறவர்களுக்குச் சைக்கிள்வே 7 கிளப்பம், ஸ்டொக்வெல் வழியாக நகரத்துக்குள் வருகிறது. ஹரோ போன்ற தூர இடங்களில் இருப்பவர்களுக்கு மடக்குச் சைக்கிளும் ஓடுகிற ரயிலும் சேர்ந்த ஏற்பாடுதான் சரிவரும். மடக்கிய சைக்கிளை எந்த நேரத்திலும் ஏற்றலாம், மடக்காததை வார நாட்களில் காலை 7.30 முதல் 9.30 வரையும் மாலை 4 முதல் 7 வரையும் ஏற்ற முடியாது. மடக்காத மின்சைக்கிளை 2025 மார்ச் 31 முதல் லண்டன் போக்குவரத்துச் சபையின் ரயில்களில் எந்த நேரத்திலும் ஏற்ற விடுவதில்லை.

7. வேலைநிறுத்த நாளில்

காலை 6.45க்கு முன் புறப்பட்டு விடுங்கள். எட்டு மணிக்குக் கேபிள் ஸ்ட்ரீட்டின் முடிவிலும் ரவர் ஹில் சந்தியிலும் பச்சை விளக்கு மூன்று முறை மாறினால்தான் கடக்க முடிந்தது. உங்களைப் போலவே முதன்முறை ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். எச்சரிக்கையின்றி நிற்பார்கள், திரும்புவார்கள். முன்னால் போகிறவருக்கு இரண்டு சைக்கிள் நீள இடைவெளி விடுங்கள். மாற்றுடை, துவாய், சாப்பாடு எல்லாவற்றையும் முதுகில் சுமக்காமல் கரியரில் கட்டுங்கள். முடிந்தால் முந்திய வெள்ளியே உடைகளை அலுவலகத்தில் கொண்டுபோய் வைத்துவிடுங்கள்.

8. காற்றுப் போனால்

ஊரில் ஒவ்வொரு சந்தியிலும் ஒட்டுப் போடுகிறவர் ஒருவர் இருப்பார். இங்கே ஏ13 ஓரத்தில் நீங்களும் சைக்கிளும் மட்டுமே. ஆகவே வீட்டில் ஒரு மாலை முழுதும் பின்சில்லைக் கழற்றி, ரியூப் மாற்றி, திரும்பப் பூட்டிப் பழகுங்கள். புது ரியூப்பை உள்ளே வைப்பதற்கு முன் ரயரின் உட்புறத்தைத் துணியைச் சுற்றிய விரலால் ஒருமுறை முழுவட்டமாகத் தடவிப் பாருங்கள். எனக்கு முதன்முறை காற்றுப் போனபோது அதைச் செய்யாமல் ரியூப்பை மாற்றினேன். அரிசி மணி அளவு கண்ணாடித் துண்டு ரயரிலேயே குத்தி நின்றிருந்ததால், முந்நூறு மீற்றர் போவதற்குள் புது ரியூப்பும் இறங்கியது. மீதித் தூரம் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

ரியூப் வாங்கும்போது ரயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அளவைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள், வால்வின் வகையையும் பாருங்கள். நாம் ஊரில் கண்ட, உள்ளே சிறு இறப்பர்க் குழாய் மாட்டும் வால்வு இங்கே அரிது. காருக்கு உள்ளதைப் போன்ற தடித்த வால்வும், நுனியைத் திருகித் திறக்கும் மெல்லிய வால்வும்தான் வழக்கம். உங்கள் பம் எதற்குப் பொருந்துகிறது என்பதைக் கடையிலேயே மாட்டிப் பாருங்கள். காற்றின் அளவும் ரயரில் எழுதியிருக்கும். ஞாயிறு இரவுகளில் காற்று, பிறேக், செயின் மூன்றையும் பார்த்து, செயினுக்கு எண்ணெய் விட்டு மேலதிகத்தைத் துடைத்து விடுகிறேன். பத்து நிமிட வேலை.